காக்கி தேயும் இடம்

பதினோராம் நாள் காலையில் கால்சட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். துணிக்குள்ளே விடிந்திருந்தது.

கிழியவில்லை. அதுதான் என்னை முதலில் உலுக்கியது. கிழிசல் எனக்குப் பழக்கம். ஆணி மாட்டும், தகரம் இழுக்கும், நாய் கவ்வும்; ஒரு காரணம் இருக்கும், ஒரு சத்தம் இருக்கும். இங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை. இரண்டு காலின் உட்புறத்திலும், கவட்டுத் தையலுக்குக் கீழே நான்கு விரல் அகலத்தில், புத்தம்புதுக் காக்கி சல்லடையாகிக் கிடந்தது. மஞ்சள் போய், பழுப்புப் போய், வெறும் இழை மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. விரல் போன வழியில் ராயபுரம் தெரிந்தது: எதிர்வீட்டு ஓடு, ஓட்டின்மேல் உலரும் கருவாடு, கருவாட்டுக்கு மேலே ஒரு காக்கை.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. அதன் தீயணைப்புப் படையில் என்னைச் சேர்த்து அன்றோடு பதினோரு நாள். ஆறு மாதம் டெம்பரவரி. ஆறாம் மாதக் கடைசியில் ஒரு பரேடு. அதில் நின்றவன் பர்மனென்ட். நிற்காதவன் வந்த வழியே போகலாம். நான் வந்த வழி மீன் வண்டி.

மூன்று சக்கர மீன் வண்டியைப் பத்து வருடம் மிதித்தவன் நான். ராயபுரம் கரையில் கூடையும் ஐஸும் ஏற்றினால் பெரம்பூர் மார்க்கெட்டில்தான் இறக்கம். நடுவில் பேசின் பாலத்து ஏற்றம். அந்த ஏற்றம் தினமும் என் தொடையில் ஒரு பிடி சதையை வைத்து அனுப்பியது. பத்து வருடம் வைத்தது. இடுப்பு மெலிந்து, மார்பு மெலிந்து, தொடை மட்டும் இரண்டு ஆளுக்கானதாக வளர்ந்து நின்றது. எனக்கு அது தெரியவே தெரியாது. லுங்கி கட்டியவனுக்குத் தன் தொடை தெரியாது. லுங்கி யாரையும் அளப்பதில்லை, யாரோடும் உரசுவதில்லை, காற்றுக்கும் காலுக்கும் நடுவே ஒரு பேச்சுத் துணையாக வந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான்.

ஆளெடுப்பில் மணல் மூட்டையைத் தோளில் போட்டு ஏணியில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். பட்டாளத்திலிருந்து வந்த ஆபீசர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்தார். “இந்தக் காலுக்கே வேலை குடுக்கலாம் மேன்” என்றார். கொடுத்தார். வருடத்துக்கு இரண்டு செட் காக்கிச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் கொடுத்தார். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் முழுக்கால்சட்டை அது.

கொடுத்ததோடு சட்டத்தையும் சொன்னார். சனிக்கிழமைதோறும் பரேடு. உடுப்பில் ஓட்டை தெரிந்தால் புத்தகத்தில் ஒரு ரிமார்க். மூன்று ரிமார்க் விழுந்தால் பர்மனென்ட் கிடையாது. காக்கி விறைப்பாக இருக்க வேண்டும். கஞ்சி போட்டுத் தரையில் வைத்தால் கால்சட்டை தானாக நிற்க வேண்டும். அவர் வரிசையில் நடந்து வரும்போது கையிலிருக்கும் பிரம்பால் ஒவ்வொருவர் முழங்காலுக்குக் கீழேயும் ஒரு தட்டுத் தட்டுவார். ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்காதவனை நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ரிமார்க்கே மேல் என்பார்கள்.

என் மனைவி அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு மாதம்.

“இன்னாயா இது? எலி கட்ச்சிச்சா?”

“எலி இல்ல மே. நான்தான்.”

“நீயா? பேண்ட்ட எதுக்குயா கட்ச்ச?”

“கடிக்கல. தொட. ரெண்டும் உரசிகிச்சு.”

அவள் என் தொடையைப் பார்த்தாள். கால்சட்டையைப் பார்த்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“பதினோரு நாளுக்கு ஒண்ணுன்னா, ஆறு மாசத்துக்கு எத்தினி?”

அந்தக் கேள்வி அறைக்குள் நின்றது. எங்கள் அறை சிறியது. கேள்வி நின்றால் நாங்கள் உட்கார இடமிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. முகத்துவாரக்குப்பத்தில் வலை பின்னுகிறவன், கிழிந்த வலைக்குக் கண் போடுகிறவன். கால்சட்டையைக் கையில் வாங்கி, வலையைப் பார்ப்பதுபோல விரித்துப் பார்த்தான்.

“இது ஒரு மேட்டரா மாமு? இத்தினிக்கூண்டு ஓட்டைக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?”

கப்பல் சரக்கை மூடும் முரட்டுக் கான்வாஸில் இரண்டு துண்டு வெட்டினான். வலை பின்னும் நைலான் நூலைக் கோணி ஊசியில் கோத்தான். பல்லால் இழுத்து இழுத்துத் தைத்தான். முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்துப் படாரென்று ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். “சொறா வந்து கட்ச்சாலும் போவாது. எய்தித் தரவா?”

நான் நம்பினேன். யார் நம்பமாட்டார்கள்? கடலைப் பிடித்து வைக்கிற நூல் அது.

அடுத்த சனிக்கிழமை. கடற்கரையோர மைதானம், உப்புக்காற்று, வரிசையில் இருபத்திரண்டு பேர். ‘உட்கார், எழு’ என்றார் ஆபீசர். உட்கார்ந்தோம். எனக்குக் கீழே ஒரு சத்தம். யாரோ தபால்தலையைப் பொறுமையாகக் கிழிப்பதுபோல, பிர்ர்ர் என்று, சுற்றிக்கொண்டே போன சத்தம். எழுந்து நின்றபோது கான்வாஸ் துண்டு பத்திரமாக இருந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை. அதைச் சுற்றியிருந்த காக்கிதான் வட்டமாக அறுந்து, ஒட்டு மட்டும் தன் நாலு விரல் ராஜ்யத்தோடு என் முழங்காலுக்கு நடுவே தொங்கியது. நைலான் நூல் துணியை அறுத்திருந்தது. பின்பக்கம்வரை போயிருந்தது கிழிசல். இனி அந்தக் கால்சட்டை எழாது.

பக்கத்தில் நின்றவன் உதடு அசையாமல் கேட்டான்: “இன்னா மச்சி, காத்துக்கு ஜன்னல் வெச்சிகினியா?”

முதல் ரிமார்க்.

வீட்டில் நான் அதைச் சொன்னபோது மச்சானின் முகம் செத்துவிட்டது. வலுவாகத் தைத்தால் பிழைக்கும் என்றுதான் அவன் படித்திருந்தான். வலையில் எல்லாக் கண்ணும் ஒரே நூல். அங்கே வலுவானதும் நோஞ்சானும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதில்லை. மூன்றாம் நாள் ஓடி வந்தான்.

“மாமு, தைக்கறதே தப்பு. ஒரசாம இருந்தா தேயாது இல்ல? நாங்கோ நூலுக்கு மெய்கு தேய்ப்போம். வய்க்கினு பூடும். உள்தொட தையல்ல மெய்குவத்தியத் தேச்சுப் பாரு.”

மாதா படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். எறிய மனம் வராது அவளுக்கு; அவை யாரோ ஒருவருக்காக எரிந்தவை. ஒரு துண்டை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டு என் இரண்டாவது கால்சட்டையின் உட்புறத்தில் தேய்த்தாள். காக்கி பளபளத்தது.

அது வேலை செய்தது. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. அதுவரை நடக்கும்போது எனக்குள்ளிருந்து சரக் சரக் என்று ஒரு சத்தம் வரும், உமி குத்துவதுபோல. அது நின்றது. வழுக்கிக்கொண்டு நடந்தேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை லுங்கியில் சைக்கிள் மிதித்து, கால்சட்டையைக் காகிதத்தில் சுற்றிப் பின்சீட்டில் கட்டிக்கொண்டுபோய், காவல் கூண்டுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டேன். சைக்கிள் சீட்டு தின்னும் துணியும் மிச்சம். மூன்று மாதம் ஓடிற்று. நாலாம் மாதமும் ஓடிற்று. திருவொற்றியூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே நான் பாட்டு முணுமுணுத்துப் போன காலம் அது ஒன்றுதான்.

ஐந்தாம் மாதத்தில் நிஜத் தீயில் பயிற்சி வைத்தார்கள்.

அதுவரை தண்ணீர்க் குழாயும் ஏணியும்தான். அன்றைக்குத் தரையில் பள்ளம் வெட்டி, கழிவெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கறுப்புப் புகை கடல்பக்கம் சாய்ந்தது. ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவனாக அனலுக்குள் போய், சாக்கை விரித்து மூடி, திரும்ப வேண்டும். என் முறை வந்தது. போனேன். முகத்தில் அடித்த சூட்டை நான் எதிர்பார்த்திருந்தேன். தொடையில் ஊறிய சூட்டை எதிர்பார்க்கவில்லை. ஏதோ ஒன்று உருகி, துணியைத் தாண்டி, தோலில் இறங்கி, உள்தொடை முழுக்க வழிந்தது. ஒரு கணம் மூத்திரம் என்று நினைத்தேன். மூத்திரம் சுடாது. கத்திவிட்டேன். சாக்கை எறிந்துவிட்டு, காலைப் பரப்பிக்கொண்டு, தவளைபோலக் குதித்துக் குதித்து வெளியே வந்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது. ஆபீசர் மணல் வாளியை விட்டுவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கி என் இடுப்புக்குக் கீழே ஊற்றினார்.

தண்ணீர் பட்டதும் உருகியது உறைந்தது. காக்கியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அவர் குனிந்தார். நகத்தால் ஒரு துளியைச் சுரண்டி முகர்ந்தார். நிமிர்ந்தபோது அந்த மனிதரின் முகத்தில் ரத்தம் இல்லை.

“மெழுகா?”

“ஆமா சார்.”

“துணியில மெழுகு. அதுக்கு என்ன பேரு மேன்?”

நான் குனிந்து கால்சட்டையைப் பார்த்தேன்.

“திரி” என்றார். “மெழுகுல நனைச்ச துணிக்குத் திரின்னு பேரு. தீ அணைக்க வந்தவன் திரியா வந்து நிக்கிறே.”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திய விதம் இன்றும் என் காதில் இருக்கிறது. வானொலியைத் திருகி அணைத்ததுபோல. என்னுடைய இரண்டு கால்களும் இரண்டு மெழுகுவர்த்திகளாக அந்த மைதானத்தில் நின்றன. ஒரு பொறி போதும். நான்கு மாதம், தினமும் காலையில், அன்போடு, சிலுவை போட்டுக்கொண்டு, என்னைக் கொளுத்துவதற்கு நாங்கள் தயார் செய்துகொண்டிருந்தோம்.

இரண்டாவது ரிமார்க். கடைசிப் பரேடுக்கு மூன்று வாரம்.

மெழுகை எடுக்க வெந்நீரில் போட்டுச் சுரண்டியபோது கூடவே துணியும் வந்தது. அதே நாலு விரல் அகலம். அதே சல்லடை. தேயாமல் இருந்ததாக நான் நினைத்ததெல்லாம் மெழுகு நிரப்பி வைத்திருந்த ஓட்டைகள்.

தண்டையார்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். தையல்காரர். என் வயதுதான். மீன் வண்டிக்காரனாக நான் அவர் கடை வாசலில் வஞ்சிரம் நறுக்கிக் கொடுத்த நாளிலிருந்தே நாங்கள் தோஸ்து. இரண்டு கால்சட்டையையும் அவர் மேசையில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். மெழுகு வந்த இடத்தில் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“நல்லவேள நைனா, கிஸ்மஸ்ஸுக்கு உன்னியே ஏத்தி வெச்சிருப்பாங்கோ.”

“சிரிக்காத பாய். இன்னோரு தபா மாட்டுனா வேல பூட்டுது.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். இரண்டாவது கால்சட்டையை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். தேய்ந்த இடத்தைத் தொடவில்லை. தேயாத இடத்தை, தொடையின் வெளிப்பக்கத்தை, நகத்தால் கீறினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. அந்தப் பொடியை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். எனக்கு உடம்பு கூசியது.

“இன்னா பாய் பண்ற?”

“கஞ்சி” என்றார். “கஞ்சியும் உப்பும். உப்பு உன் வேர்வ. கஞ்சி யார் போட்றது?”

“வூட்லதான்.”

“நெறைய போட்றாங்கோ. துணி தகரமா கீது. தகரத்த மடிச்சா இன்னாவும்? ஒடியும். உன் தொட ரெண்டும் அம்மியும் கொய்வியுமா அரச்சிகினு கீது. நீ நடுவுல மாவ வேற போட்டுக் குட்த்துகினு கீற. இது தேயல நைனா. ஒட்ஞ்சிகிது. ஒவ்வொரு எயையா ஒட்ஞ்சிகிது.”

கடைக்கு வெளியே ஒரு கை ரிக்‌ஷா போனது. அதன் சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஐந்து மாதம் நான் என் தொடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பேசின் பாலத்தைத் திட்டினேன். ஆண்டவர் என்னைப் படைத்த அளவைத் திட்டினேன். குற்றம் செய்த கஞ்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தது.

பாய் வேலையை ஆரம்பித்தார். ஒன்றைக் கொன்றால்தான் மற்றது பிழைக்கும் என்றார். முதல் கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழே இருந்த துணி இன்னும் நல்லதாக இருந்தது. பல முறை தண்ணீர் கண்டு மெத்தென்று ஆனது. அதிலிருந்து பெரிய துண்டுகளாக வெட்டினார். தேய்ந்த இடத்தைவிட ஒரு சாண் பெரிதாக, உரசல் எட்டாத இடம்வரை போகும்படி, உள்பக்கமாக வைத்தார். ஓரத்தை நேர்கோட்டில் நிறுத்தவில்லை. நேராக நிறுத்தினால் அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடுமாம். ஓரத்தை அலையலையாக வெட்டி, மெல்லிய பருத்தி நூலில், காக்கி நிறத்திலேயே, நெருக்கமாகத் தையல் ஓட்டினார். நான்கு தையலும் சேரும் கவட்டில் தையலைப் பிரித்து, வானில் பறக்கவிடும் காத்தாடி வடிவத்தில் ஒரு துண்டை வைத்துச் சேர்த்தார். “இப்ப குந்து” என்றார். உட்கார்ந்தேன். துணி என்னோடு உட்கார்ந்தது. அதுவரை எந்தக் கால்சட்டையும் என்னோடு உட்கார்ந்ததில்லை. எனக்கு எதிராகத்தான் உட்கார்ந்திருந்தது.

“தினம் உப்பு போவ அலசு. தொட எடத்த கல்லுல அடிக்காத. உள்பக்கம் திருப்பி நெயல்ல போடு. வாரத்துக்கு ஒரு தபா வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. ஓட்ட வியறதுக்கு முந்தி எட்த்துகினு வா. வியந்த அப்பால வராத.” நூலைப் பல்லால் கடித்தார். “கஞ்சிய நிறுத்து.”

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன்.

“நாளையிலேர்ந்து கஞ்சி போடாத மே.”

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சட்டியைச் சாய்த்து, துணியைப் பிடித்து, கஞ்சி ஏனத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“போடாம? இத்த இன்னா பண்றது?”

“நீ குடி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளையாடுகிறேனா என்று பார்த்தாள். பிறகு மிக இயல்பாக, மார்க்கெட்டில் மீன் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“நான் குடிச்சிகினு இருந்ததத்தானயா உன் பேண்ட்டு குடிக்குது.”

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. அவள் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறவள். விடிந்ததும் கிளம்ப வேண்டும். பிறந்த வீட்டில் இருந்த காலத்திலிருந்தே முந்தின நாள் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். அதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு. மதியம்வரை வேறு எதுவும் இல்லை. எங்கள் அடுப்பில் இரண்டு பேருக்கான அரிசிதான் வெந்தது. அதில் ஒரு செம்புக் கஞ்சிதான் வடிந்தது. ஆபீசர் கேட்ட விறைப்புக்கு ஒரு செம்பும் வேண்டியிருந்தது.

“அப்ப நீ காலைல?”

“டீ குடிப்பேன். ஏன்?”

“ஏன் மே சொல்லல?”

“இன்னாத்த சொல்றது? தானா நிக்கணும்னு நீதான சொன்ன. நின்னுதில்ல?”

நின்றது. அறையின் மூலையில், ஆள் இல்லாமல், இரண்டு காலில், மொடமொடவென்று நின்றது. ஐந்து மாதமாக அவளுடைய காலைச் சாப்பாட்டைக் குடித்துவிட்டு நின்றது. நின்று, அந்தப் பலத்திலேயே தன்னைத்தானே அரைத்து, என் வேலையையும் அரைத்துக்கொண்டிருந்தது. அவள் பட்டினி கிடந்து ஊற்றிய ஒவ்வொரு செம்பும் எங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கல்யாணப் புடவையின் ரவிக்கை அவள் தோளில் வழிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எவ்வளவு நாளாக வழிந்துகொண்டிருந்தது? துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தவன் அவளை ஒரு நாளும் பார்க்கவில்லை.

“அய்யோ, இன்னாத்துக்கு இப்ப மூஞ்ச அப்டி வெச்சிகினு கீற? எந்திரு. ஒரு வெசயம் கேக்கறேன். கஞ்சி இல்லாம போனா உன் ஆபீசரு உடுவாரா?”

விடமாட்டார். அதை நான் மறந்தே போயிருந்தேன். கஞ்சி போட்டால் தொடையில் உடையும், போடாவிட்டால் பிரம்புக்குச் சத்தம் வராது. இரண்டு பக்கமும் மூன்றாவது ரிமார்க் நின்றது.

“பெரம்ப எங்க தட்டுவாரு?”

“மொயங்காலுக்குக் கீய.”

“தொடைல தட்டமாட்டாரே?”

“தொடைல எதுக்குத் தட்றாரு?”

“அப்ப கீய மட்டும் போட்டா?”

கால்சட்டையைத் தலைகீழாகப் பிடித்து, முழங்கால்வரை மட்டும் கஞ்சியில் முக்கி எடுத்தாள். அரைச் செம்பு போதுமாக இருந்தது. மீதி அரைச் செம்பில் நானே உப்பைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன். “போலீஸ்காரன் மாரி நிக்காத, தொண்டைல எறங்கமாட்டேங்குது” என்றாள். நகரவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தச் சனிக்கிழமை வந்தது.

காற்றே இல்லாத காலை. ஆபீசர் வரிசையில் வந்துகொண்டிருந்தார். டக். டக். டக். என் முன்னால் வந்தார். டக். நான் மூச்சை விட்டேன். அவர் நகரவில்லை. இரண்டு ரிமார்க் வாங்கியவனை அவ்வளவு எளிதில் கடப்பாரா? பிரம்பை மெல்ல மேலே கொண்டுவந்தார். தொடையில் தட்டினார். சத்தம் இல்லை. மறுபடி தட்டினார். துணி வாழையிலைபோல வளைந்தது.

“கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. என்ன மேன் இது?”

இருபத்தொரு பேர் நேராகப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் என் பக்கம் திருப்பினார்கள். பொய் ஒன்று நாக்கில் வந்தது. என் நாக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னேன். தொடை உரசுவதை, கஞ்சி உடைப்பதை, அரைச் செம்பை, எல்லாவற்றையும். செம்பைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம். அதுவும் வந்துவிட்டது.

ஆபீசர் என் பக்கத்தில் நின்றவனைப் பிரம்பால் காட்டினார். “இவனைத் தூக்கிட்டு ஏணில ஏறு.”

எண்பது கிலோ இருப்பான் அவன். தோளில் விழும்போது காதில் சொன்னான்: “மச்சி, கீய போட்றாத, எனுக்கும் புள்ள குட்டி கீது.” ஏறினேன். முப்பது படி. ஒவ்வொரு படிக்கும் தொடை விரிந்து சுருங்கியது. ஒவ்வொரு படியிலும் அந்தப் பிர்ர்ர் வரும் என்று காதைக் கீழே வைத்துக் கேட்டுக்கொண்டே ஏறினேன். உச்சியில் கடல் தெரிந்தது, கழிமுகம் தெரிந்தது, எதையும் பார்க்கவில்லை. இறங்கினேன்.

“இன்னொரு தடவை.”

இறங்கி வந்தபோது கால் இரண்டும் கொதித்தன. “காலை அகட்டு” என்றார். அத்தனை பேருக்கு முன்னால், வெயிலைப் பார்த்து, காலை அகட்டி நின்றேன். பட்டாளத்து மனிதர் மண்ணில் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்து, என் உள்தொடைத் துணியை இரண்டு விரலால் பிடித்து, இழுத்து, உள்ளே இருக்கும் ஒட்டின் அலையலையான ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிரசங்கம் அளவுக்கு நீளம். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். புத்தகத்தைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஏதோ கிறுக்கி என்னிடம் நீட்டினார்.

“ஸ்டோருக்குப் போ.”

உடுப்பைத் திருப்பி ஒப்படைக்கிற இடமும் ஸ்டோர்தான். வேலை போனவன் கடைசியாகப் போகிற இடம். சீட்டைப் படிக்கத் தைரியம் இல்லை. மைதானத்தைத் தாண்டி, எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டி, நடந்தேன். நடக்கும்போதே சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

ஸ்டோர்க்காரர் சீட்டைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்துப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“இன்னா கண்றாவிடா இது? ‘உள்தொடைக்கு, மூணு கஜம் காக்கி’ன்னு எயுதியிருக்காரு. என் சர்வீஸ்ல உள்தொடைக்குன்னு எவனும் துணி கேட்டதில்ல. சரி, இந்த மூணு கஜம் வர்சத்துக்கு. அட்த்த வர்சம்தான் மறுபடி வரணும். நடுவுல வந்து நின்னா தர மாட்டேன், சொல்ட்டேன்.”

“இன்னா சொன்னீங்கோ?”

“வர்சத்துக்குன்னேன்.”

“வர்சத்துக்கா?”

“பின்ன? பர்மனென்ட் ஆளுக்கு மாசாமாசமா குடுப்பாங்கோ? சட்டைய ஏன்டா அவுத்துகினு கீற?”

மனிதனைத் தோளில் சுமந்து இரண்டு முறை ஏணி ஏறிய கால்கள் அப்போது விட்டுவிட்டன. துணிக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். முழங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. இரண்டு தொடையும் தடதடவென்று, ஒன்றோடொன்று மோதி, ஸ்டோர்க்காரர் கஜக்கோலை எடுத்து அளந்து முடிக்கும்வரை ஆடிக்கொண்டிருந்தன.